நாற்றில் காயவிட்டதைச் செடி எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கும்?

(குழித்தட்டு, இலைத்துளை, தராசு, மறுவிதை, நுண்வேர் என்பவை இங்கே பேசுகிறவர்களின் புனைபெயர்கள்.)

குழித்தட்டு:

தக்காளி, குடைமிளகாய், முட்டைக்கோஸ் மூன்றும் 98 குழித் தட்டுகளில், தென்னை நார்க்கழிவில் வளர்கின்றன. நட்டபிறகு முதல் இரண்டு வாரம் கடும் வெயில் இருக்கும், தண்ணீரும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். நாற்றுப் பருவத்திலேயே கொஞ்சம் காயவிட்டால் செடி அதை நினைவில் வைத்துக்கொண்டு பின்னால் வரும் வறட்சியைத் தாங்கும் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு காயவிடுவது, எத்தனை முறை, எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இந்த நினைவு உண்மையிலேயே இருக்கிறதா, இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? வெப்பத்துக்கும் குளிருக்கும் இதே கணக்குதானா? வாடி எழுந்த செடியிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறைக்கும் அந்தப் பழக்கம் வருமா? கடைசியாக, இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

இலைத்துளை:

நினைவு இருக்கிறது. ஆனால் நீங்கள் படித்தவற்றில் மூன்று வேறு விஷயங்களை ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியிருப்பார்கள். முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம்.

முதலாவது, உடல்வாகு. காயவிட்டு வளர்த்த நாற்றின் இலை சிறுத்து, தடித்து, மெழுகுப் பூச்சு கூடி இருக்கும். தண்டு குட்டையாகும். தண்டின் எடையோடு ஒப்பிட்டால் வேரின் பங்கு கூடும். கட்டிய வீட்டை யாரும் நினைவு என்று சொல்வதில்லை, இதுவும் அப்படித்தான். அந்த இலை உதிரும்வரை பலன் இருக்கும். தண்ணீர் தாராளமாகக் கிடைத்ததும் முளைக்கிற புது இலை பழையபடி மெல்லியதாகத்தான் வரும்.

இரண்டாவது, மிச்சச் சரக்கு. வறட்சியில் சேர்ந்த புரோலின், சர்க்கரைகள், செல்லைக் காக்கும் டீஹைட்ரின் புரதங்கள் உடனே கரைந்துவிடாது. அவை தீரும்வரை செடிக்கு ஒரு தெம்பு.

மூன்றாவதுதான் சரியான பொருளில் நினைவு. மரபணு தன் வேலையை நிறுத்திய பிறகும், அது சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் ஒரு குறி நின்றுவிடுகிறது. அடுத்த முறை அதே நெருக்கடி வந்தால் அந்த மரபணு முதல் தடவையைவிட வேகமாகவும் அதிகமாகவும் வேலை செய்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டியது, சோதனைக்கூடங்களில் மாதிரியாக வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் செய்து 2012-ல் வந்த ஆய்வு. செடியை மண்ணிலிருந்து எடுத்து 2 மணி நேரம் உலரவிட்டு, 22 மணி நேரம் ஈரத்தில் வைத்து, மறுபடி உலரவிட்டார்கள். ஆர்டி29பி, ராப்18 என்ற மரபணுக்கள் இரண்டாம் சுற்றிலிருந்து முதல் சுற்றைவிடப் பல மடங்கு ஆர்.என்.ஏ உற்பத்தி செய்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆர்டி29ஏ ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவுதான். அதாவது எல்லா மரபணுவும் பழகுவதில்லை. பழகியவற்றில், ஈரம் திரும்பிய பிறகும் ஹிஸ்டோன் எச்3-ன் 4-வது லைசினில் (லைசின் என்பது புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று) மூன்று மெத்தில் குறி அகலாமல் இருந்தது. நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியும் மரபணுவின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. பழகிய செடிகள் மறு உலர்வில் தண்ணீரை மெதுவாகத்தான் இழந்தன.

உங்களுக்கு முக்கியமானது இதன் ஆயுள். தொடர்ந்து ஈரத்தில் வைத்தபோது 5 நாள்வரை இந்த நினைவு இருந்தது. 7 நாளில் போய்விட்டது. அரபிடாப்சிஸ் கணக்கை அப்படியே தக்காளிக்குப் போட முடியாது, ஆனால் காலத்தின் அளவு புரியும்: மாதக் கணக்கு கிடையாது, நாள் கணக்கு. நாற்றங்காலில் இரண்டாம் வாரம் காயவிட்டு, பிறகு தினமும் தண்ணீர் ஊற்றி ஐந்தாம் வாரம் நட்டால் ஹிஸ்டோனில் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சுவது குட்டையான தண்டு மட்டும்.

வெப்பத்திலும் இதே தன்மைதான். சோதனைக்கூடத்தில் வழக்கமான முறை இது: நாற்றுக்கு 37 டிகிரி செல்சியசில் 60 நிமிடம், பிறகு 23 டிகிரியில் 90 நிமிடம் ஓய்வு, அப்புறம் 44 டிகிரியில் 45 நிமிடம். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி 44 டிகிரிக்குக் கொண்டுபோனால் பழகாதவை சாகும், பழகியவற்றில் பெரும்பாலானவை பிழைக்கும். எச்.எஸ்.எஃப்.ஏ2 என்ற வெப்பக் கட்டுப்பாட்டுப் புரதம் இல்லாத செடியிலும் முதல் தாங்குதிறன் கிட்டத்தட்ட சரியாகவே வருகிறது, ஆனால் சில நாளில் அது போய்விடுகிறது. தாங்குவது ஒரு வேலை, தாங்கியதை நினைவில் வைப்பது தனி வேலை என்று இதிலிருந்து தெரிகிறது.

செடி ஏன் மறக்கிறது என்று அடுத்து கேட்பீர்கள். எப்போதும் உஷார் நிலையில் இருந்தால் இலைத்துளை மூடியே கிடக்கும், ஒளிச்சேர்க்கை குறையும், வளர்ச்சி தேங்கும். மழை வந்ததும் பழைய வறட்சியைத் தள்ளிவிட்டு வளர்கிற செடிதான் பக்கத்துச் செடியை நிழலுக்குள் தள்ளும். மறதியும் செடி பொறுப்போடு செய்கிற வேலைதான். வெப்பத்தில் சேர்ந்த எச்.எஸ்.பி21 புரதத்தைச் சிதைப்பதற்கென்றே பசுங்கணிகத்தில் தனி நொதி இருக்கிறது.

தராசு:

மேலே சொன்னதைத் தட்டுக்குக் கொண்டுவருகிறேன். கண்ணால் பார்த்துக் காயவிடாதீர்கள், எடை பாருங்கள். 10 கிராம் துல்லியம் உள்ள சமையல் தராசு போதும்.

நார்க்கழிவு நிரப்பிய தட்டு ஒன்றை விதை இல்லாமல் முழுக்கக் காயவைத்து எடை எடுங்கள். 0.4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாற்று உள்ள தட்டுக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, 30 நிமிடம் வடியவிட்டு எடை எடுங்கள். 2.2 கிலோ என்றால் அதில் தண்ணீர் 1.8 கிலோ. பாதித் தண்ணீர் போகும்வரை விடுவது என்றால் தட்டு 1.3 கிலோவுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். வந்ததும் முழுக்க நனையுங்கள். அது ஒரு சுற்று. நாற்றின் சொந்த எடையும் இதில் சேரும், 98 நாற்றும் தலைக்கு 2 கிராம் என்றால் 0.2 கிலோ ஆகிவிடும். நாற்று இரண்டைப் பிடுங்கி நிறுத்துப் பார்த்து 98-க்குக் கணக்கிட்டு, அந்த எடையை 0.4-உடன் கூட்டிக்கொள்ளுங்கள். இதை மறந்தால் பாதி என்று நினைத்து அதற்கும் கீழே போய்விடுவீர்கள்.

தக்காளிக்கு பாதிவரை போகலாம், மதியம் நுனி இலை லேசாகத் தொங்கி மாலையில் தானாக நிமிர வேண்டும். காலையிலும் தொங்கிக் கிடந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். குடைமிளகாயை அந்தளவு விடாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போனதும் நனையுங்கள். அது வாடினால் மொட்டும் கீழ் இலையும் கழன்றுவிடும், எழுந்திருக்கவும் நேரம் பிடிக்கும்.

நடவுக்கு 8 நாள் முன் ஆரம்பித்து மூன்று அல்லது நான்கு சுற்று. கடைசிச் சுற்று நடவுக்கு ஒன்றிரண்டு நாள் முன் முடிய வேண்டும். நடவுக்கு முந்தைய மாலை தட்டைத் தண்ணீரில் அழுத்தி முழுக்க நனைத்துவிடுங்கள். பழக்கிவிட்டோமே என்று காய்ந்த வேர் உருண்டையை நடுகிறவர்கள் உண்டு. சுற்றியுள்ள மண் அந்த உருண்டையின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும், நாற்று மூன்றாம் நாளே போய்விடும்.

எங்கெல்லாம் தவறும் என்றால்:

தட்டின் ஓரக் குழிகள் நடுவைவிடச் சீக்கிரம் காயும். மொத்த எடை சரியாக இருக்கும்போதே ஓரம் கருகியிருக்கும். தினமும் தட்டைத் திருப்பி வையுங்கள், தட்டுகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி அடுக்குங்கள்.

உரக்கரைசலோடு காயவிடாதீர்கள். மின்கடத்துத்திறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) 1.2 உள்ள கரைசல், தண்ணீர் பாதியானதும் ஏறக்குறைய 2.4-க்குப் போகும். அப்போது நீங்கள் கொடுத்தது வறட்சி இல்லை, உப்பு. வேர்நுனி பழுப்பாகும். சுற்றுகள் நடக்கும் வாரத்தில் வெறும் தண்ணீர் மட்டும், வேண்டுமானால் கடைசி நனைப்பில் பாதி அளவு உரம்.

தழைச்சத்தைக் கூட்டிக்கொண்டே காயவிடுவதும் ஆகாது. மென்மையாக ஓங்கிய நாற்று ஒரே மதியத்தில் விழும். பீட் பாசிக் கலவையாக இருந்தால் ஒருமுறை முழுக்கக் காய்ந்த பிறகு தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழியவிடும். அதிலும் அடியிலிருந்து ஊறவைப்பதுதான் வழி. நார்க்கழிவில் இந்தத் தொல்லை குறைவு.

முட்டைக்கோசுக்கு வேறு எச்சரிக்கை. "கடினப்படுத்துகிறேன்" என்று குளிரில் வைக்காதீர்கள். தண்டு பென்சில் தடிமனுக்கு, சுமார் 6 மில்லிமீட்டர், வந்த பிறகு சில வாரம் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் செடி அதைக் குளிர்காலம் என்று பதிவு செய்துகொள்ளும். வெப்பம் வந்ததும் கோஸ் கட்டாமல் பூந்தண்டு நீட்டும். வெங்காயம், பீட்ரூட், செலரி எல்லாம் இந்தக் கூட்டம்தான். இந்த நினைவு ஒரு வாரத்தில் மறைவதில்லை.

குழித்தட்டு:

எடைக் கணக்குக்கு நன்றி, அதுதான் தேவைப்பட்டது. ஒரு குழப்பம். வறட்சி நினைவு 7 நாளில் போகிறது என்றால், குளிர் நினைவு மட்டும் எப்படி மாதக்கணக்கில் நிற்கிறது? இரண்டும் ஹிஸ்டோன் குறிதானே?

மறுவிதை:

குறி வேறு, அதைக் காக்கிற ஏற்பாடும் வேறு.

இலைத்துளை சொன்ன 4-வது லைசின் குறி "இந்த மரபணு சமீபத்தில் வேலை செய்தது" என்ற அடையாளம். அதைப் புதுப்பிக்க ஆளில்லாவிட்டால் தேய்ந்துபோகும். குளிரில் நடப்பது நேரெதிர். அரபிடாப்சிசில் எஃப்.எல்.சி என்ற மரபணு பூப்பதைத் தடுத்துக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் குளிர் பட்டால் அதன் ஹிஸ்டோனில் 27-வது லைசினில் மூன்று மெத்தில் குறி விழுகிறது, இது மரபணுவை அடைத்துவைக்கும் குறி. பாலிகோம்ப் என்ற புரதக் கூட்டணி, செல் பிரியும்போதெல்லாம் பழைய குறியைப் பார்த்துப் புதிய ஹிஸ்டோனிலும் அதையே எழுதுகிறது. அதனால்தான் குளிர்பட்ட குருத்திலிருந்து பிறகு வரும் செல்களெல்லாம், தாங்கள் குளிரையே பார்த்திராவிட்டாலும், அதை நினைவில் வைத்திருக்கின்றன.

இதில் அழகான விஷயம், மரபணுவின் ஒரு நகலில் பாதி அடைப்பு என்பது கிடையாது. ஒவ்வொரு நகலும் திறந்திருக்கும் அல்லது அடைந்திருக்கும். குளிர் நீள நீள, அடைந்த செல்களின் எண்ணிக்கை கூடுகிறது. நான்கு வாரக் குளிருக்கும் எட்டு வாரக் குளிருக்கும் உள்ள வித்தியாசம் இப்படித்தான் செடியில் பதிகிறது. தட்பப்பதனம் என்று பாடப்புத்தகத்தில் வருவது இதைத்தான். கோதுமையில் மரபணுக்கள் வேறு, வி.ஆர்.என்1 குளிரில் ஏறி நிலைக்கிறது, ஆனால் விளைவு ஒன்றுதான்.

இவ்வளவு உறுதியான நினைவும் விதைக்குப் போகாது. கரு உருவாகும்போது எஃப்.எல்.சி-யின் குறி அழிக்கப்பட்டு மரபணு மறுபடி திறக்கிறது. பூத்த செடியின் பிள்ளையும் தன் பங்குக் குளிரைத் தானே அனுபவித்தாக வேண்டும். 1930-களில் சோவியத் வேளாண் அறிவியலாளர் லைசென்கோ குளிர்ப் பழக்கம் பரம்பரையாக வரும் என்று சாதித்து ஒரு நாட்டின் வேளாண் அறிவியலையே திசைமாற்றினார். தட்பப்பதனம் உண்மை, பரம்பரை என்பது மட்டும் பொய்.

இனி விதை பற்றிய கேள்வி. இங்கேதான் மிகையான பேச்சு அதிகம். 2006-ல் வந்த ஓர் ஆய்வு, புற ஊதாக் கதிரும் பாக்டீரியாவின் வால் புரதமான ஃபிளஜெல்லினின் துண்டும் பட்ட செடிகளின் சந்ததியில் டி.என்.ஏ மறுசேர்க்கை (டி.என்.ஏ துண்டுகள் இடம் மாறிச் சேர்வது) நான்கு தலைமுறைவரை கூடியிருந்தது என்றது. 2009-ல் இன்னொரு குழு பல வகை நெருக்கடிகளை வைத்துச் சோதித்தபோது சந்ததியில் அந்த விளைவு குறைவாகவும், முறையின்றி அங்கொன்று இங்கொன்றாகவும்தான் வந்தது. 2016-ல் உப்பு நெருக்கடி பற்றிய ஆய்வு ஒன்று கொஞ்சம் உறுதியானது. அதில் தாங்குதிறன் சந்ததிக்குப் போனது, டி.என்.ஏ மெத்திலேற்றம் (டி.என்.ஏ-வின் மேலேயே மெத்தில் குறி விழுவது) வழியாக. ஆனால் பெரும்பாலும் தாய்வழியாக மட்டும். இடையில் ஒரு தலைமுறை நெருக்கடி இல்லாமல் வளர்ந்தால் அதுவும் போய்விட்டது.

மெய்யாகவே நீண்ட நினைவுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் நார்வே ஸ்ப்ரூஸ் மரம். விதைக்குள் கரு வளரும்போது இருந்த வெப்பநிலை, அந்த மரம் ஆண்டுதோறும் எப்போது மொட்டு கட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சூட்டில் உருவான விதையின் மரம் தாமதமாக மொட்டு கட்டும், அதனால் முதல் உறைபனியில் அடிபடும். ஒரே மரபணுத் தொகுதி கொண்ட கருக்களை வெவ்வேறு வெப்பத்தில் வளர்த்தும் இதைக் காட்டியிருக்கிறார்கள். வடக்கத்தித் தாய் மரங்களைத் தெற்கே கொண்டுபோய் விதை எடுத்தவர்களுக்கு, பிள்ளைகள் தெற்கத்தி மரம் போல் நடந்துகொண்டது இதனால்தான்.

காய்கறிக்கு என் கருத்து: வாடிய செடியிலிருந்து விதை எடுக்காதீர்கள். விதை சிறுக்கும், முளைப்பு சீராக இருக்காது. கிடைக்கக்கூடிய நினைவைவிட இந்த இழப்பு நிச்சயமானது.

நுண்வேர்:

விதை என்றதும் விதைக் கடினப்படுத்தலையும் சொல்லிவிடலாம். நாற்றங்காலில் செய்வதை விதையிலேயே ஆரம்பிப்பது இது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் பொருந்தும்.

ஊறவைத்தால் விதையின் உள்வேலைகள் தொடங்கும்: சுவாசம், டி.என்.ஏ பழுது நீக்கம், புரத உற்பத்தி. முளைவேர் வெளியே வரும் முன் நிறுத்தி, பழைய எடைக்கு உலர்த்திவிட வேண்டும். விதைத்ததும் நிறுத்திய இடத்திலிருந்து தொடரும், அதனால் முளைப்பு வேகமாகவும் ஒரே சீராகவும் வரும். உலர்ந்து எழுந்த அனுபவத்தால் டீஹைட்ரின் போன்ற காப்புப் புரதங்களும் கொஞ்சம் மிஞ்சும். நினைவு என்று சொல்லக்கூடியது அந்தக் கொஞ்சம்தான், மீதி முன்கூட்டியே ஓடிமுடித்த தூரம்.

வெறும் தண்ணீரில் என்றால் 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஊறும் முன் எடை எடுத்து வையுங்கள், நிழலில் மின்விசிறிக் காற்றில் அந்த எடை திரும்பும்வரை உலர்த்துங்கள். வெயிலில் உலர்த்தாதீர்கள். ஆளுக்கு ஆள் தவறுகிற இடம், முளைவேர் நுனி வெள்ளையாக எட்டிப்பார்த்த பிறகும் உலர்த்துவது. முளைவேர் நீண்டதும் விதை உலர்வைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். அப்படி உலர்த்தினால் பார்க்க விதை போலவே இருக்கும், உள்ளே செத்திருக்கும்.

நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் செய்ய, தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000 என்ற பொருள் உதவும். 25 டிகிரியில் 1 கிலோ தண்ணீருக்கு 296 கிராம் கரைத்தால் நீர் அழுத்தம் கழித்தல் 1.0 மெகாபாஸ்கல் வரும். அந்த இழுப்பில் விதை ஊறும், ஆனால் முளைவேர் நீள வழியில்லை, அதனால் நாள்கணக்கில் வைக்கலாம். கரைசல் கெட்டியானது, ஆக்சிஜன் கரைவது மிகக் குறைவு. மீன்தொட்டிக் காற்றுக்குழாய் இல்லாமல் வைத்தால் விதை மூச்சு முட்டும். வெப்பம் மாறினால் அழுத்தமும் மாறும், குளிர்ந்தால் இன்னும் இறுகும். எடுத்தபின் நன்றாகக் கழுவுங்கள், ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

இப்படிச் செய்த விதையை அடுத்த பருவத்துக்கு வைக்காதீர்கள், ஆயுள் குறைந்திருக்கும். விதைக்கும் அளவுக்கு மட்டும் செய்வது நல்லது.

இலைத்துளை:

சோதனை பற்றிய கேள்வி விட்டுப்போனது. பழக்கிய தட்டு, பழக்காத தட்டு என்று இரண்டு மட்டும் வைத்தால் ஒன்றும் தெரியாது. நான்கு வேண்டும்: பழக்காமல் வறட்சியும் இல்லாதது, பழக்கி வறட்சி இல்லாதது, பழக்காமல் வறட்சி கொடுத்தது, பழக்கி வறட்சி கொடுத்தது. இரண்டாவது குழு இல்லாமல் பழக்கியதற்குக் கொடுத்த விலை என்ன என்று தெரியாது. பல நேரம் அதுதான் அதிர்ச்சி தரும்: வறட்சி வராத ஆண்டில் பழக்கிய செடி பின்தங்கும்.

பழக்கிய நாற்று சிறியது, அதனால் தண்ணீரை மெதுவாகக் குடிக்கும். இரண்டையும் ஒரே அளவு நாள் காயவிட்டால் பழக்கியதன் மண்ணில் ஈரம் மிஞ்சியிருக்கும், அதைப் பார்த்து "தாங்குகிறது" என்று எழுதிவிடுவார்கள். நாள்களை எண்ணாமல், தராசு சொன்ன எடை முறையில் இரண்டையும் ஒரே ஈரத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். நினைவையும் மிச்சச் சரக்கையும் பிரிக்க, பழக்கம் முடிந்து 1, 4, 8 நாள் கழித்து மூன்று தொகுதியாக வறட்சி கொடுங்கள். 8-ம் நாளிலும் பலன் அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் உடல்வாகு.

குழுவுக்கு 20 செடிக்குக் குறையாமல், வயலில் கலந்து நட வேண்டும். ஒரு குழுவை ஒரே வரிசையில் நட்டால் நீங்கள் அளப்பது அந்த வரிசை மண்ணை.

குழித்தட்டு:

செய்கிறேன். கடைசியாக ஒன்று. சுற்றுகள் முடித்த பிறகு மழை வந்து நடவு 10 நாள் தள்ளிப்போனால், மறுபடி முதலிலிருந்தா?

தராசு:

நான்கு சுற்றும் வேண்டாம். முதலில் வேரைப் பாருங்கள், குழிக்குள் சுருண்டு பழுப்பாகியிருந்தால் சுற்றெல்லாம் விட்டுவிட்டு உடனே நடுங்கள். அந்த வயதில் தண்ணீர்க் குறைப்பும் சேர்ந்தால் தக்காளி தட்டிலேயே பூத்துவிடும், நட்டபிறகு வளராது. வேர் வெள்ளையாக இருந்தால் நடும் தேதி உறுதியானதும், அதற்கு நான்கு நாள் முன் ஒரு சுற்று, இரண்டு நாள் முன் இன்னொன்று. தட்டின் புதிய முழு எடையை எடுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், பத்து நாளில் நாற்று கனத்திருக்கும்.